ஆர்மரர் எழுத்துப் பரீட்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் தண்ணீர்ப் பம் திருத்துகிறவன். அதற்கு முதல் ரொறன்ரோவில், வங்கிகளுக்குக் காசு ஏற்றி இறக்கும் காவல் வாகனக் கொம்பனி ஒன்றில் 8 வருடம் வேலை செய்தேன். அதில் கடைசி 4 வருடம் காவலர்களின் கைத்துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆர்மரர். ஆர்மரர் பாடநெறியின் எழுத்துப் பரீட்சையில் ஒருமுறை தவறி, அடுத்த முறை சித்தியடைந்தேன். இது எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. கனடா, லண்டன், அவுஸ்திரேலியா என்று போன எங்கள் பிள்ளைகள் பொலிசிலோ காவல் வேலையிலோ சேர்ந்து இந்தப் பாடநெறிக்குப் பெயர் கொடுத்தால், வட்ஸ்அப்பில் என்னைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்குப் பகல், எனக்கு நடுச்சாமம். அதே கேள்விகளுக்கு அதே பதில்களைச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

ஆர்மரர் என்றால் துவக்குச் செய்கிறவரா, அண்ணை?

இல்லை. செய்கிறவர் வேறு, அவர் கொல்லன் மாதிரி. இல்லாத பாகத்தைக் கடைந்து, அராவி, பொருத்துவார். ஆர்மரர் செய்வது சோதித்தல், துப்புரவாக்கல், தேய்ந்ததைக் கழற்றி அதே கொம்பனியின் புதுப் பாகத்தைப் போடுதல், எழுதி வைத்தல். அவ்வளவுதான். அரத்தைக் கையில் எடுத்தால் அவர் ஆர்மரர் இல்லை.

எங்கள் ஆக்களுக்கு இதுதான் முதல் பொறி. பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்புரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. இல்லாததைச் செய்து போடுவதுதான் எங்களுக்குக் கெட்டித்தனம். பரீட்சையில் அந்தக் கெட்டித்தனத்துக்குப் பூச்சியம். “எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கியின் நுனி சற்று மழுங்கியிருக்கிறது, என்ன செய்வீர்?” என்று கேட்டு நாலு விடை தருவார்கள். அதில் ஒன்று, அரத்தால் கூராக்குவது. என் கை தானாக அதற்குத்தான் போனது. சரியான விடை, மாற்றுவது. அராவு, வளை, தட்டு, ஒட்டு என்று எந்த விடையில் வந்தாலும் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

நாங்கள் யுத்தத்துக்குள் வளர்ந்த ஆக்கள். துவக்கைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா?

நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் முதல் முறை தவறினேன்.

எங்களுக்குத் தெரிந்தது சத்தம். எந்தப் பக்கம் இருந்து வருகிறது, எவ்வளவு தூரம், ஒற்றைச் சூடா தொடர் சூடா, பங்கருக்குள் இறங்க வேண்டுமா, சோற்றை முடிக்கலாமா. பத்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் வினாத்தாள் சத்தத்தைக் கேட்பதில்லை. ரி-56 என்று ஊரே பெயர் சொல்லும். சீனா 1956இல் கலாஷ்னிகொவ்வைப் பார்த்துச் செய்த துவக்கு அது. அதில் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட் எப்படிப் பூட்டுகிறது, எது அதைத் திறக்கிறது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பரலின், அதாவது குழலின், முன்பகுதியில் ஒரு சின்னத் துளை. அதால் வரும் வாயு பிஸ்ரனைப் பின்னுக்குத் தள்ளுகிறது, பிஸ்ரனோடு சேர்ந்த பகுதி போல்ட்டைச் சுழற்றித் திறக்கிறது. இதுதான் பரீட்சைக்கு வேண்டிய விடை.

தாளில் என்னதான் வரும்?

நாட்டுக்கு நாடு, கொம்பனிக்குக் கொம்பனி மாறும். க்ளொக் கொம்பனியின் பாடநெறி ஒரே நாள், அவர்களுடைய பிஸ்ரல் மட்டுந்தான் பாடம். பொலிஸ் பயிற்சிக் கூடங்களில் வாரக்கணக்கில் போகும். ரைபிள், சோட்கன் எல்லாம் வரும். என்னுடைய தாளில் 50 கேள்வி, நாலில் ஒன்று தெரிவது, சித்தியடைய நூற்றுக்கு 80 புள்ளி. நான் எடுத்தது 72.

எந்தத் தாளாக இருந்தாலும் பாதுகாப்பு, பாகங்களின் பெயர், இயங்கும் ஒழுங்கு, கோளாறும் காரணமும், அளவு, எண்ணெயும் துப்புரவும் இருக்கும். இதில் இயங்கும் ஒழுங்கைப் பிடித்தால் மிச்சம் பாதி தானாக வரும்.

அந்த ஒழுங்கை எப்படி மனதில் வைப்பது?

மனப்பாடம் செய்யாதீர்கள். கதையாகச் சொல்லிப் பாருங்கள்.

பாடப் புத்தகங்கள் இதை எட்டுக் கட்டமாகப் பிரிக்கின்றன. மகசினில் இருந்து ரவை மேலே வருகிறது. முன்னுக்குத் தள்ளப்பட்டுக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் போகிறது. பின்பக்கம் பூட்டிக்கொள்கிறது. விசையை இழுக்க, பயரிங் பின் என்ற ஊசி போய் ரவையின் அடியில் உள்ள கெப்பில், தீப்பற்றும் சின்ன மூடியில், அடிக்கிறது, சூடு. பிறகு பூட்டுத் திறக்கிறது. சுட்டு முடிந்த ரவையின் வெறுங்கோதை அறையிலிருந்து இழுத்தெடுக்கிறது. இழுத்தெடுத்ததை வெளியே எறிகிறது. அந்தப் போக்கிலேயே சுத்தியல் அடுத்த சூட்டுக்குப் பின்னுக்கு இழுபட்டு மாட்டிக்கொள்கிறது. எட்டும் தனித்தனியாக நடக்கும் என்றில்லை. சில பிஸ்ரல்களில் ஒன்றோடொன்று ஒட்டித்தான் நடக்கும். ஆனால் கேள்வி எட்டாகத்தான் வரும்.

நான் புள்ளி இழந்த இடம் ஆறும் ஏழும். என்னுடைய குறிப்புக் கொப்பியில் எக்ஸ்ட்ராக்சன், எஜெக்சன் இரண்டுக்கும் “வெளியேற்றல்” என்று ஒரே சொல்லை எழுதி வைத்திருந்தேன். அகராதியும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னது. தாளில் இந்த இரண்டையும் வைத்து நாலைந்து கேள்வி வந்தது. ஒவ்வொன்றிலும் தடுமாறினேன். அத்தனைக்கும் ஆங்கிலம் விளங்காமல் இல்லை. தமிழில் இரண்டும் எனக்குள் ஒன்றாகக் கிடந்ததுதான் பிழை.

பிறகு ஒன்றுக்கு “இழுத்தெடுத்தல்”, மற்றதுக்கு “எறிதல்” என்று மாற்றிக்கொண்டேன். மாமரத்தடியில் கொக்கத்தடியோடு நிற்பதை யோசியுங்கள். கொக்கி மாங்காயைக் கொழுவி இழுக்கிறது, அது எக்ஸ்ட்ராக்டர். இழுபட்டு வந்த மாங்காய் மதிலில் முட்டித் தெறித்துப் பக்கத்து வளவுக்குள் விழுகிறது. அந்த மதில்தான் எஜெக்டர். கொக்கி அசையும், மதில் அசையாது. பெரும்பாலான பிஸ்ரல்களிலும் அப்படியே: எக்ஸ்ட்ராக்டர் முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதியான ஸ்லைட்டோடு ஓடும், எஜெக்டர் கீழே சட்டத்தில் நிற்கும். பக்கத்து வளவுக்காரர் மாங்காயைத் திருப்பித் தருவாரா என்பது பரீட்சையில் வராது.

ஒரு தந்திரக் கேள்வியும் உண்டு: “எல்லாத் துவக்கிலும் எட்டுக் கட்டமும் இருக்குமா?” இல்லை. சாதாரண புளோபாக் முறையில் பூட்டே கிடையாது. போல்ட்டின் பாரமும் ஸ்பிறிங்கும் மட்டுந்தான் பின்பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். சின்ன ரவை சுடும் பல பிஸ்ரல்கள் அப்படி.

பரீட்சை ஆங்கிலத்தில். தமிழில் விளங்கி என்ன பிரயோசனம், மாமா?

மேலே சொன்னதுதான் பதில். ஆங்கிலப் பெயர்களை அப்படியே படியுங்கள்: சியர், போல்ட், எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர், சேம்பர். அவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடி நேரத்தை விடாதீர்கள். ஆனால் அந்தப் பாகம் என்ன செய்கிறது என்பதை உங்கள் வீட்டுத் தமிழில், அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி சொல்ல வர வேண்டும். சொல்லும்போது “அது வந்து… அப்பிடியே போய்…” என்று எங்கே இழுக்கிறீர்களோ அங்கேதான் உங்களுக்கு விளங்கவில்லை. அந்த இடத்துக்குத் திரும்பப் போங்கள்.

வீட்டில் துவக்கு இல்லை. எதை வைத்துப் பழகுவது?

யாழ்ப்பாணத்தில் விடுமுறையில் நிற்கிறவர்கள் கேட்கிறது இது. நானும் இங்கே இருந்துதான் இரண்டாம் முறைக்குப் படித்தேன். 2014இல் தங்கச்சியின் கலியாணத்துக்கு வந்து ஆறு கிழமை நின்றேன். பையில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று, குறிப்புக் கொப்பி, வேறு ஒன்றுமில்லை.

அக்காவின் மகனுடைய லுமாலாச் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ப்றீவீலைக் கழற்றினோம். உள்ளே இரண்டு சின்னக் கொழுவிகள், அவற்றைத் தள்ளிப் பிடிக்கும் மயிர் போன்ற ஸ்பிறிங். ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மற்றப் பக்கம் சுற்றினால் டிக் டிக் என்று வழுகும். சியர் என்கிற பாகம் விசைக்கும் சுத்தியலுக்கும் நடுவில் செய்வதும் இதே மாதிரிப் பிடித்து வைத்து விடுகிற வேலைதான். அந்தக் கொழுவியின் விளிம்பு மழுங்கினால் என்ன நடக்கும் என்று அவனிடம் கேட்டேன். “பெடல் சும்மா சுத்தும், மாமா” என்றான். துவக்கில் அது விசையை இழுக்காமலே வெடிக்கிற கோளாறு. சியரை ஏன் அராவக் கூடாது என்பது அப்போதுதான் எனக்குச் சரியாக உறைத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நாள் குசினி மேசையில் அந்தப் படத்தை விரித்து வைத்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். படலை திறக்கிற சத்தம் கேட்டது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா அப்படியே எழும்பி வந்து, தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு தாளைக் கவிழ்த்து, அதன்மேல் சுளகையும் தூக்கி வைத்தார். வந்தது பால்காரர்.

“அம்மா, இது கொம்பனிப் பாடம். களவு இல்லை.”

“எனக்குத் தெரியும். வாறவனுக்குத் தெரியுமோ?”

அதனால் இங்கே இருந்து படிக்கிறவர்களுக்கு என் ஆலோசனை: படங்களைச் சாலை ஓரத் தேநீர்க் கடையில் விரிக்க வேண்டாம், பஸ்ஸில் மடியில் வைத்துப் பார்க்க வேண்டாம். பாடநெறிக்கு அனுமதித்த கடிதத்தின் பிரதி ஒன்றை அதே பையில் வைத்திருங்கள். வீட்டில் வயதான ஆக்கள் இருந்தால், படிக்கத் தொடங்க முதல் என்ன படிக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்புக் கேள்விகள் இலகுதானே?

இலகு என்று வேகமாக எழுதித்தான் பிழை விடுகிறார்கள். ஏற்றியிருக்கிறது என்றே நினை, குழல்வாயைப் பாதுகாப்பான பக்கம் வை, சுடும்வரை விரலை விசையில் வைக்காதே, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இது எல்லாருக்கும் பாடம். கேள்வி வருவது ஒழுங்கில்தான். “பிஸ்ரலை வெறுமையாக்கும்போது முதலில் செய்வது எது?” மகசினைக் கழற்றுவது. பிறகுதான் ஸ்லைட்டை இழுப்பது, அதன் பிறகு அறைக்குள் கண்ணாலும் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்ப்பது. ஒழுங்கை மாற்றி ஸ்லைட்டை முதலில் இழுத்தால் உள்ளிருந்த ரவை வெளியே விழும். மகசினில் இருந்து அடுத்தது அறைக்குள் போய்க் குந்தும். பிறகு மகசினைக் கழற்றிவிட்டு வெறுமை என்று நினைப்பீர்கள். க்ளொக் மாதிரிச் சில பிஸ்ரல்களைப் பிரிக்க விசையை இழுத்தே ஆக வேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பணிமேசையில் நடக்கிற விபத்துகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

வேலை செய்கிற மேசையில் ரவை இருக்கக் கூடாது, வேறு அறையில் இருக்க வேண்டும். கண்ணாடி போட வேண்டும், ஸ்பிறிங் பாய்ந்தால் கண். துப்புரவாக்கிய கையோடு சாப்பிடக் கூடாது, ஈயம். இவையும் வரும்.

12 போர், .38, 9 மில்லிமீற்றர்: இந்த அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லையே?

பொருந்தாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் வைத்த கணக்கு.

வன்னியில் வயற்காவலுக்கு வைத்திருந்த 12 போரை எடுங்கள். ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டையாக உருட்டினால், ஒரு உருண்டையின் விட்டம்தான் அந்தக் குழலின் விட்டம். ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். 20 போர் என்றால் 20 உருண்டை, ஆகவே உருண்டை சின்னன், குழலும் சின்னன், 15.6 மில்லிமீற்றர். எண் கூடக் குழல் குறையும். சரி, அப்படியென்றால் 410 போர்? பொறி அங்கேதான். .410 உருண்டைக் கணக்கில் வராது. நேரடியாக 0.410 அங்குலம், கிட்டத்தட்ட 10.4 மில்லிமீற்றர்.

.38 ஸ்பெசல் ரவையின் சன்னம், அதாவது குழலால் பறந்து போகிற முனை, உண்மையில் 0.357 அங்குலம். 38 என்பது பழைய கோதின் வெளிவிட்டத்தில் இருந்து வந்த பெயர். இங்கே முந்திப் பொலிசார் தோளில் கொண்டு திரிந்த .303இன் சன்னம் 0.311 அங்குலம். 303 என்பது குழலுக்குள் இருக்கும் மேடுகளுக்கு இடையிலான அளவு, சன்னம் பள்ளத்தையும் நிரப்ப வேண்டும் அல்லவா. ஐரோப்பியக் கணக்குத்தான் ஒழுங்கானது: 9×19 என்றால் சன்னம் 9, கோதின் நீளம் 19 மில்லிமீற்றர். 7.62×39, 5.56×45 எல்லாவற்றிலும் இரண்டாவது எண் கோதின் நீளந்தான். ஆனால் அவற்றில் முதல் எண் .303 மாதிரி மேடுகளுக்கு இடையிலான அளவு, சன்னம் அதைவிடச் சற்றுப் பெரிது.

நிறை கிரெயினில் வரும். 7000 கிரெயின் ஒரு இறாத்தல். 124 கிரெயின் சன்னம் ஏறத்தாழ 8 கிராம். சிலர் கிரெயினைக் கிராம் என்று வாசித்துவிட்டு, சன்னம் ஒரு மாம்பழம் அளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

கெப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. கோதுக்குள் ஒரே துளை இருந்தால் பொக்சர், இரண்டு துளை இருந்தால் பேர்டன். பொக்சர் ஆங்கிலேயர், அவருடைய முறை அமெரிக்காவில் பரவியது. பேர்டன் அமெரிக்கர், அவருடையது ஐரோப்பாவில் பரவியது. மாறி மாறிப் போனது என்று நினைவில் வையுங்கள், மறக்காது.

ஹெட்ஸ்பேஸ் தலைக்குள் போகுதில்லை.

எனக்கும் போகவில்லை, நீற்றுப்பெட்டியைப் பார்க்கும்வரை.

ரவை அறைக்குள் போகும்போது ஏதோ ஒரு இடத்தில் முட்டி நிற்க வேண்டும். அந்த இடத்திலிருந்து போல்ட்டின் முகம் வரைக்கும் உள்ள தூரம் ஹெட்ஸ்பேஸ். தூரம் கூடினால் கோது பின்னுக்கு நீண்டு கிழியும், வாயு சுடுகிறவரின் முகத்துக்கு வரும். குறைந்தால் போல்ட் பூட்டாது.

எங்கே முட்டி நிற்கிறது என்பதுதான் கேள்வி. புட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி பானை வாயில் எப்படி நிற்கிறது? அதன் சரிவு பானையின் கழுத்தில் பிடித்து நிற்கிறது. 7.62×39, 5.56 எல்லாம் அப்படித் தோளில் நிற்பவை. சட்டி மூடி எப்படி நிற்கிறது? விளிம்பில். .303உம் 12 போரும் விளிம்பில் நிற்பவை. பிவிசி குழாயைச் சொக்கற்றுக்குள் விட்டால்? உள்ளே இருக்கும் படியில் குழாயின் வாய் முட்டி நிற்கும். 9 மில்லிமீற்றர் அப்படிக் கோதின் வாயில் நிற்பது. நாலாவது, பெரிய வேட்டை ரவைகள் சிலவற்றில் அடியில் ஒரு பட்டி இருக்கும், அதில் நிற்பவை. தாளில் பொருத்துக கேள்வியாக இது கட்டாயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பதற்கு மூன்று கேஜ். ‘கோ’ கேஜை வைத்தால் போல்ட் பூட்ட வேண்டும். ‘நோ-கோ’ கேஜை வைத்தால் பூட்டக் கூடாது. ‘ஃபீல்ட்’ கேஜிலும் பூட்டினால் அந்தத் துவக்கு அன்றோடு ஓய்வு. எதிலும் பலம் போடக் கூடாது, விரல் பாரம் போதும். நாலாம் இலக்க லீ-என்ஃபீல்டில் 0 முதல் 3 வரை நீளம் கூடிக்கொண்டு போகும் போல்ட் தலைகள் தனியாக வந்தன. தேயத் தேய அடுத்த எண்ணைப் போட்டுத் தூரத்தைச் சரிசெய்தார்கள். அந்தத் துவக்குப் பாடத்தில் இல்லாவிட்டாலும் இதை ஒருமுறை யோசித்தால் ஹெட்ஸ்பேஸ் முழுவதும் விளங்கிவிடும்.

கோளாறுக் கேள்விகளுக்கு ஏதும் வழி இருக்கிறதா?

எட்டுக் கட்டக் கதையில் எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். கோது இன்னும் அறைக்குள்ளேயே இருக்கிறது, அடுத்த ரவை வந்து அதன் முதுகில் முட்டுகிறது என்றால் இழுத்தெடுக்கவில்லை. எக்ஸ்ட்ராக்டர், அதன் ஸ்பிறிங், அல்லது ஊத்தை பிடித்த அறை. கோது வெளியே வந்து வாசலில் புகைக்குழாய் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது என்றால் இழுத்தாயிற்று, எறியவில்லை. எஜெக்டர், அல்லது பலம் குறைந்த ரவை, அல்லது சுடுகிறவரின் தளர்ந்த பிடி. ரவை மேலே வரவே இல்லை என்றால் மகசின். உண்மையில் வேலையிலும் பாதிக் கோளாறு மகசின்தான். அதனால்தான் மகசின்களுக்கு இலக்கம் போட்டு வைப்பார்கள். துவக்கைப் பிரிக்க முதல் வேறு மகசினையும் வேறு ரவையையும் போட்டுப் பார்ப்பது என்ற விடை இருந்தால் அதைத் தெரியுங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை. உடனே திறக்கலாமா? கூடாது. தாமதமாக வெடிக்கலாம். குழல்வாயைப் பாதுகாப்பான பக்கம் பிடித்து 30 வினாடியாவது நிற்க வேண்டும். சத்தம் வழக்கத்தை விடச் சின்னதாக, ‘புஸ்’ என்று கேட்டால்? அதுதான் மிக மோசமானது. சன்னம் குழலுக்குள் இறுகியிருக்கலாம், அடுத்த சூட்டில் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். நிறுத்து, வெறுமையாக்கு, கோல் விட்டுப் பார். சத்தத்தைக் காது பிரித்தறிகிற எங்கள் பழக்கம் உதவிய ஒரே இடம் இது.

எண்ணெய் எவ்வளவு போட வேண்டும்?

குறைவாக. ஊத்தை கரைக்கும் திரவம் வேறு, வழுக்க விடும் எண்ணெய் வேறு, துருக் காப்பு வேறு. மூன்றையும் ஒன்றாகச் செய்யும் திரவமும் உண்டு. க்ளொக் மாதிரிப் பிஸ்ரலில் பயரிங் பின் ஓடும் குழி உலர்ந்தே இருக்க வேண்டும், அங்கே எண்ணெய் விட்டால் ஊத்தை பிடித்துப் பின் மெதுவாகும். எண்ணெய் வடிந்து கெப்பில் பட்டால் ரவை வெடிக்காமல் போகலாம்.

எனக்குப் பிடித்த கேள்வி உப்பு பற்றியது. பழைய இராணுவ ரவைகள் பலவற்றின் கெப்பில் பொற்றாசியம் குளோரேற்று இருந்தது. சுட்ட பிறகு அது பொற்றாசியம் குளோரைட்டாகக் குழலுக்குள் படியும். கறி உப்பின் தம்பி என்று வையுங்கள், ஈரத்தை இழுக்கும், துருப் பிடிக்கும். இதை எதனால் கழுவுவது? வகுப்பில் எல்லாரும் எண்ணெய் என்றார்கள். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுடுதண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதற்குப் பிறகு எண்ணெய். கடற்காற்றில் யன்னல் கம்பி அரித்துப் போகிற ஊரில், ஆனையிறவு உப்பளத்தைப் பஸ்ஸில் கடந்து போய்ப் படித்தவனுக்கு இந்த ஒரு கேள்வி சும்மா கிடைத்தது.

இந்தச் சான்றிதழை வைத்து ஊரில் வேலை செய்யலாமா?

முடியாது. இங்கே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், உரிமத்தையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டுச் சான்றிதழ் உங்களுக்கு இங்கே ஒரு உரிமையும் தராது. “மாமாவின்ர இடியன் துவக்கு ஒன்று கிடக்குது, ஒருக்கால் பாருங்கோ” என்று ஆராவது கேட்டால் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். மிருகத்துக்குப் பொறியாகக் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு என்று சொன்னால் கும்பிடவும் வேண்டாம்.

வளவு கொத்தும்போது பழைய ரவைகள் வந்தன. படிக்க வைத்திருக்கலாமா?

வேண்டாம். தொட வேண்டாம், தண்ணீரில் கழுவ வேண்டாம், படம் எடுக்கக் கிட்டப் போக வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்தி விட்டுப் பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிறவர்கள் எத்தனை வருடமாக முழங்காலில் இருந்து சாண் சாணாக மண்ணைக் கிளறினார்கள் என்று பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். மண்ணுக்குள் கிடந்த ரவையில் பரீட்சைக்குத் தேவையான எதுவும் இல்லை.

கேள்வியை வாசிப்பதில் கவனிக்க வேண்டியது?

“பின்வருவனவற்றுள் எது தவிர” என்று வரும் கேள்விகளில் அந்தத் “தவிர”வைப் பென்சிலால் வட்டமிடுங்கள். “முதலில்” என்ற சொல்லையும் அப்படியே. முறுக்கு விசை அளவு கேட்டால் ஒற்றை எண் இருக்காது, குறைந்தது கூடியது இரண்டும் இருக்கும். ஏஆர் ரைபிளின் பரல் நட்டுக்கு 30 முதல் 80 அடி-இறாத்தல். “கை இறுக்கும் வரை” என்ற விடையும் பக்கத்தில் இருந்து பல்லிளிக்கும்.

பழைய வினாத்தாள் இருந்தால் அனுப்புவீர்களா?

என்னிடம் இல்லை. இருந்தாலும் அனுப்ப மாட்டேன்.

சான்றிதழ் எத்தனை வருடம் செல்லும்?

சில கொம்பனிகளில் 3 வருடம், பிறகு திரும்ப எழுத வேண்டும். க்ளொக் அப்படி. இரண்டாம் முறை நான் 94 எடுத்தேன். அந்தச் சான்றிதழ் காலாவதியாகி வருடங்கள் போய்விட்டன, புதுப்பிக்கவில்லை. அம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட விடவில்லை, அலுமாரிக்குள் காணி உறுதிகளோடு கிடக்கிறது. ஆனால் பம் வால்வைக் கழற்றும்போது பழைய ஸ்பிறிங்கையும் புது ஸ்பிறிங்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்க்காமல் இன்றைக்கும் போட மாட்டேன். “என்ன தம்பி, அதே ஸ்பிறிங்கை இழுத்துப் போட்டுப் போட்டால் என்ன?” என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். மாற்றத்தான் வேண்டும் என்பேன். 150 ரூபாய்க்குப் பேரம் தொடங்கும்.